அக்காவோட தலைவலிக்கு யார் காரணம்

—மூளைக்கு வலியே தெரியாதுக்கா, அதான் மேட்டரே.

—அப்போ இத்தன நாளா இங்க குடையறது யாருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கா?

—கேளேன். மூளையத் தொட்டாகூட அதுக்குத் தெரியாதாம். அதச் சுத்தி இருக்கிற உறை, ரத்தக்குழாய், நெத்தி, பிடரித் தசை, இதுங்கதான் கத்துது. நமக்கு உள்ளயே வலிக்கிற மாதிரி இருக்கு.

—சரிடா டாக்டரு. திரைய இழுத்து மூடு. நீயும் தினம் ஒரு காரணம் கொண்டு வர. மொதல்ல தலகாணி உசரம்ன. அப்புறம் தண்ணி குடிக்கலன்ன. அப்புறம் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணு போடற சென்ட்டுன்ன.

—சில பேருக்கு சென்ட்டால நெஜமாவே வரும்க்கா. அத விடு. இப்ப வலிக்குதா?

—ஈரத்துணி போட்டுப் படுத்திருக்கேனே, அழகுக்கா?

—விளையாடாதக்கா. நெத்தியத் தொட்டுப் பாத்துச் சொல்லு.

—ம்... இல்ல. துணி போட்டிருக்கேன்ல, அதனால இருக்கும்.

—துணி எப்பவோ காஞ்சு போச்சுக்கா.

—ஆமா. காஞ்சுதான் கெடக்கு.

—காலைல ஸ்க்ரூ லூஸா இருக்குன்னு அந்தப் புதுக் கண்ணாடிய என்கிட்ட குடுத்தல்ல, லீவுதானேன்னு. அதுல இருந்து நீ கண்ணாடியே போடல.

—டேய், எதுக்கு மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?

—நான் வேல பாக்கற கண்ணாடிக் கடைல மெஷின்ல வெச்சுப் பாத்தேன். பவர் சரிதான். ஆனா லென்ஸோட நடுப்புள்ளி உன் கண்ணுமணிக்கு நேரா இல்ல, உள்பக்கம் தள்ளி உக்காந்திருக்கு. கண்ணு ரெண்டும் நாள் முழுக்க அதோட மல்லுக்கட்டுது. அதான் நெத்தியும் பிடரியும் இறுகிப் போகுது.

—அந்த லென்ஸ அளவெடுத்து அறுத்தது யாரு?

—நான்தான்.

—உங்க முதலாளி பண்ணாருன்னு சொன்ன.

—அவரு சாப்பிடப் போயிருந்தாரு. என் கையால பண்ற மொத கண்ணாடி உனக்கா இருக்கட்டும்னு... அளவெடுக்கறப்ப தூரத்துச் சுவத்தப் பாருன்னு சொல்லணும்க்கா. நான் சொல்லல. நீ என் மூக்கப் பாத்து சிரிச்சிட்டிருந்த.

—உன் மூக்குல மை இருந்துச்சுடா.

—கிட்டத்துல பாத்தா கண்ணுமணி ரெண்டும் உள்ள வந்துடும். அந்த அளவயே போட்டுட்டேன். திட்டுக்கா, நாலு அடி கூட அடி.

—விடு. ஒழுங்கா வேற ஒண்ணு போட்டுக் குடு.

—முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாத. நான் இன்னும் ட்ரெயினிங்தான். தெரிஞ்சா நாளைக்கு வராதன்னுடுவாரு.

—போடா. ஒரு தலைவலிக்காக யாராவது ஒருத்தர வேலைய விட்டு அனுப்புவாங்களா?

—ஏன்க்கா நெத்தியப் புடிச்சுக்கிட்ட? மறுபடி வலிக்குதா?

—அந்த சென்ட் பொண்ணு இப்ப ஆபீஸ்ல இல்லடா.

—சீட்டு மாத்திட்டாங்களா?

—மாத்தல. நான் ஒரு வார்த்த சொன்னேன், மறுநாளே சென்ட்ட விட்டுட்டா. அப்பவும் எனக்கு வலிச்சுது. நான் வாய வெச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம். மேனேஜர்கிட்ட போய், விட்டுட்டேன்னு பொய் சொல்றா, துணியில தெளிச்சுட்டுதான் வர்றான்னு சொல்லிட்டேன். அவளும் ட்ரெயினிங்தான்டா. வெள்ளிக்கிழமையோட வர வேணாம்னுட்டாங்க.

—அந்தப் பொண்ணு உன்ன ஒண்ணும் கேக்கலையா?

—பைய எடுத்துட்டு என் சீட்டுகிட்ட வந்தா. இனிமே உங்களுக்கு வலிக்காதுக்கான்னா. குத்திக்காட்டல. நெஜமாவே சொன்னா. அதான்டா தாங்க முடியல.

—சென்ட்டுன்னு எடுத்துக் குடுத்ததே நான்தானே.

—நீ எடுத்துக் குடுத்த. கெட்டியா புடிச்சுக்கிட்டது நான்.

—எந்திரி. உங்க மேனேஜர் நம்பரக் குடு. லென்ஸ அறுத்தவன் நான், நானே பேசறேன்.

—உங்க முதலாளி காதுக்குப் போயிடும்டா.

—போகட்டும்க்கா. அந்தப் பொண்ணு வீடு தெரியும்ல உனக்கு? இந்தக் கண்ணாடியக் கையில எடுத்துட்டே போலாம். ஆனா... கதவத் தொறந்ததும் மொத வார்த்த என்னன்னு சொல்றது? நீ என்னக்கா நினைக்கிற?