அவருடைய கோப்பைக்கு மட்டும்

"மாமா, அப்பா ஏன் என்னைத் தூக்குறதே இல்ல?" என்று என் தங்கை மகள் ஒருமுறை கேட்டாள். அவளுக்கு நாலு வயது. அப்பாவுக்குக் கைவலி என்று சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஐயா நான். அதனால் இன்னும் நினைவிருக்கிறது.

செடி நர்சரியில் ஹார்மோன் கரைசல் கலப்பது என் வேலை. வேர்மருந்து என்போம். சாய்வாக வெட்டிய தண்டின் அடியை அதில் ஐந்து விநாடி முக்கி மணலில் நட்டால், மூன்று வாரத்தில் கணுவின் கீழே வெள்ளை வேர் விடும். மருந்து பத்து மடங்கு கூடினால் அடி கறுத்து அழுகிவிடும். அமிர்தத்துக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். எங்களிடம் ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு தட்டு. காலையில் கோப்பைகளை நிரப்பி வைப்பவன் நான்.

தங்கையும் மாப்பிள்ளையும் அங்கேதான் தண்டு நட்டார்கள். இரண்டாவது கருவும் கலைந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, பத்துப் பேர் நடுவில் அவர் சொன்னார்: "இவள மேசைகிட்ட விடாதீங்கப்பா. இவ தொட்டா பச்சைமரமும் பட்டுப்போகும்."

யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன். அவள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மறுபடி வரவில்லை.

நான் கோபப்படவில்லை. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. எறும்பைக் கண்டாலும் ஒதுங்கி நடப்பவன். மறுநாள் கடவுளைக் கும்பிட்டுவிட்டு அவர் கோப்பையில் மட்டும் மருந்தைக் கூட்டினேன். அவ்வளவுதான்.

அவர் கத்தியை மாற்றினார், மணலை மாற்றினார். அழுகிய தண்டுகளைத் தட்டுத் தட்டாகக் கொட்டினார். கைராசி கெட்டவர் என்று பேச்சு கிளம்பி, 'விளங்காத கை' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. முதலாளி அவரைத் தண்ணீர் ஊற்ற அனுப்பப் பார்த்தபோது, குடும்பஸ்தர் என்று நான்தான் பேசி மேசையிலேயே இருக்கவைத்தேன். தினமும் டீ வாங்கிக் கொடுத்து, எல்லாம் சரியாகும் என்பேன். இப்படி ஆறு ஆண்டுகள். இடையில் மகள் பிறந்தபோது, அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். தங்கையை அதன்பின் ஒரு சொல் சொன்னதில்லை. நல்ல பலன் என்றே எடுத்துக்கொண்டேன்.

சென்ற மாதம், அப்பாவோடு வந்திருந்த குழந்தை நர்சரித் தொட்டியில் விழுந்தாள். இடுப்பளவுத் தண்ணீர். அவர் அருகில்தான் நின்றார், குனிந்தால் எட்டும். ஆனால் மறுகோடிவரை என்னைத் தேடி ஓடிவந்தார்.

"மச்சான், நீங்க வந்து தூக்குங்க. என் கை பட வேண்டாம்."

ஓடினேன். தூக்கினேன். நேரம் கடந்திருந்தது.

தகப்பனின் அலட்சியம் என்று உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். மருந்தைக் கூட்டியவன் நான்.

அடக்கம் முடிந்த மறுநாள், ஆளில்லாத கொட்டகையில் அவர் கோப்பையைக் கழுவிச் சரியான அளவு கலந்தேன். அவர் தட்டில் நூறு தண்டு நட்டேன். நேற்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூடப் பழுதில்லை. உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட. அவருக்கு நான் பட்டிருந்த கடன் அதோடு தீர்ந்தது.