உலகம் கருத்துக் கேட்கிறது, பெயரோடு சொல்லுவோம்

அவையின் நடுவே அமர்ந்து, என் நடுக்கத்தைக் கண்டும் காணாதது போல் புன்னகைக்கும் தலைவர் மரியகொறற்றி அம்மையார் அவர்களே, இந்தக் கொட்டாஞ்சேனை வாசகர் வட்டத்தைக் குண்டுச் சத்தத்துக்கும் ஊரடங்குக்கும் நடுவில் எட்டு ஆண்டுகள் அணையாமல் காத்த பெரியோர்களே, அத்தனை சோதனைச் சாவடிகளையும் கடந்து, அடையாள அட்டை அடங்கிய கைப்பையை இன்னும் மடியைவிட்டு இறக்காமல் இருக்கும் தாய்மார்களே, தவணைப் பரீட்சையை மறந்து வந்த என் தோழியரே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘உலக இணைய ஆளுகையில் பொதுமக்களின் பங்கு.’ இதைக் கேட்டதும் பின்வரிசையில் ஓர் அண்ணா கொட்டாவி விட்டதைக் கண்டேன். பரவாயில்லை அண்ணா, தலைப்பு கிடைத்த அன்று நானும் விட்டேன்.

இணையத்தை ஆளுவது யார்? அதற்கு அரசன் உண்டா? அரண்மனை உண்டா? அரியணைதான் உண்டா? இல்லை, இல்லவே இல்லை! அரசுகளும் கம்பனிகளும் அறிஞர்களும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து பேசுகிறார்கள். எந்த முகவரி யாருக்கு, எந்த மொழி எந்தத் திரையில் என்ற வழக்கெல்லாம் அங்கேதான் வருகிறது. அந்த மேசைக்கு, அவர்கள் கூடும் மாநாடு தொடங்கும் முன்னே, உலகத்தில் எவரும் கருத்து எழுதி அனுப்பலாம் என்று இம்முறை அறிவித்திருக்கிறார்கள். எவரும் என்றால் நாமும்தானே?

ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் மஹ்ரூப் நானாவின் நெட் கபே. ஹெவ்லொக் டவுனில் மாடிவீடுகளைத் துப்புரவு செய்யும் ஆறாயி அம்மா, வாரம் ஒருநாள் அங்கே வருவார். மகள் பாக்கியலெட்சுமி குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். அந்த வீட்டில் அவளுக்குத் தொலைபேசி கிடையாது. ஒளித்து எழுதும் மின்னஞ்சல்தான். அதைத் தாய்க்கு வாசித்துச் சொல்பவள் நான்.

“பாப்பா, எம்மக என்னா எழுதியிருக்குன்னு பாரும்மா.”

பார்த்தேன். கட்டம், கட்டம், கட்டம். மகள் எழுதிய தமிழ் அந்தக் கணினிக்குத் தெரியவில்லை; திரை முழுக்க வெறுங்கட்டம்.

“ஆறாயம்மா, ஒங்கட மக ஜன்னல் வாங்கி அனுப்பீக்கா,” என்றார் மஹ்ரூப் நானா.

“சிரிங்க மொதலாளி. ஒங்க கடையில காத்தே இல்ல. இதுல ரெண்ட எடுத்து மாட்டிக்கிங்க.”

எல்லோரும் சிரித்தோம். ஆறாயி அம்மாவும் சிரித்தார். ஆனால், ஒப்பந்தம் முடிந்து மகள் வருகிறாளா, இன்னும் இரண்டு வருடம் இருக்கப் போகிறாளா என்பது அந்தக் கட்டங்களுக்குள்ளே இருந்தது! தாய்க்கும் மகளுக்கும் நடுவில் தமிழ் தடுக்கி விழுந்து கிடந்தது!

அன்றே கருத்து எழுதினேன். ‘எங்கள் எழுத்து உலகின் எந்தக் கணினிக்கும் எழுத்தாகவே போய்ச் சேரவேண்டும்.’ தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டு, நான் செய்த பிழையைக் கேளுங்கள். அடியில் ‘கொழும்பு மக்கள்’ என்று மட்டும் போட்டேன். நாலாம் நாள் பதில் வந்தது. பெயரில்லாத கருத்தை மாநாட்டின் முன் வைக்க முடியாதாம். ஓர் ஊரின் கருத்தாக ஏற்க இருபது பேராவது பெயரும் ஊரும் எழுதித் தரவேண்டுமாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள்!

அடுத்த ஞாயிறு, ஆறாயி அம்மாவும் வந்திருக்க, மஹ்ரூப் நானாவிடம் தாளை நீட்டினேன். “மகள், கருத்து வேணுமெண்டா நூறு தாறேன். பேர மட்டும் கேக்காதீங்க. பொறகு பொலிஸ் கரச்சல்.”

அப்போது ஆறாயி அம்மா சொன்னார்: “எம்பேரு எத்தன தாள்ல இருக்கு தெரியுமா மொதலாளி? பொலிசுல இருக்கு, தங்கியிருக்க எடத்துல இருக்கு, வேல செய்யிற எடத்துல இருக்கு. நீ யாரு, எங்கேருந்து வந்த, ஏன் வந்தன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. ஒனக்கு என்னா வேணும்னு ஒருத்தரும் கேக்கல. இவங்க கேக்கிறாங்க. எழுது பாப்பா, ஆறாயி.”

என்ன ஐயா? சத்தமாகச் சொல்லுங்கள். “பெயரை எழுதினா நாளைக்கு வீட்ட ஆர் வந்து நிக்கிறது?” என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி ஐயா. உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக் கதவும் தட்டப்படுகிற கதவுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பெயரை மறைத்ததால் எந்தப் பட்டியலில் இருந்து நாம் தப்பினோம்? சந்தேகிப்போர் பட்டியலில் எல்லாம் நம் பெயர் இருக்க, சபையில் பேசுவோர் பட்டியலில் மட்டும் நாம் இல்லாதிருப்பது நியாயமா? கேட்காதபோது கேளுங்கள் என்று கதறினோம். கேட்கும்போது வாயை மூடுவதா? மருதானையில் ரயில் ஏறுபவருக்கும், புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவருக்கும் வேண்டுவதை வேறெவர் எழுதுவார்? எழுதுவோம்! தமிழில் எழுதுவோம்! தலை நிமிர்ந்து எழுதுவோம்!

இன்று புதன்கிழமை. இதோ, மேடைக்குக் கீழே, மேசையில் அந்தத் தாள். இருபது வரிகள். முதல் வரி ஆறாயி அம்மா. இரண்டாம் வரி நான். விரும்பியவர் எழுதுங்கள், விரும்பாதவரை ஒரு சொல்லும் சொல்லேன். ஆனால் மூன்றாம் வரி...

கொஞ்சம் வழி விடுங்கள். மஹ்ரூப் நானா எழுந்து வருகிறார். பேனா தாளின் வலப்பக்கம் இருக்கிறது நானா. மூடி கொஞ்சம் இறுக்கம்.

பாருங்கள் ஐயா, அவருக்குப் பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள்! இனி என் பேச்சு எதற்கு? பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், பேனாவை நோக்கி நீளும் கைகளுக்கும் என் நன்றி. வணக்கம்.