கிணற்றடி ரூம்

ஒத்தக்கடையில் கட்டட வேலை முடிந்துபோனது. துணிப்பையோடு நடந்து வந்து டவுன் பஸ் ஏறினேன். முன்சீட்டில், வெளியூரிலிருந்து பெட்டிகளோடு வந்த ஓர் அக்காவும் தம்பியும். இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

"திருநகர்ல ரூம் போடுவோம்க்கா. அமைதியா இருக்கும்."

"நம்ம வீட்டுலயே தங்குவோம்டா."

"அதைத்தான் இடிச்சு லாட்ஜ் கட்டிட்டாய்ங்களே!"

"அந்த லாட்ஜைத்தான் சொல்றேன். கிணறு இருந்த பக்கமா ரூம் கேப்போம்."

"வீட்டை வித்தவன் நான். அங்க எப்படிக்கா படுப்பேன்?"

"பாயை நனைச்சுட்டே அங்க படுத்தவன்தானே நீ. இப்ப என்ன வெக்கம்?"

லாட்ஜில் வேலை கிடைக்கும் என்று நானும் அவர்களோடு இறங்கினேன். தெருமுனையிலேயே தம்பி நின்றுவிட்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் காலை அந்த லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வேலை, அக்காவின் அறைக்கு இரண்டு காபி.