தோல் இருப்புக்கு மைக் எதுக்கு

சயானில் ஏறிய இரண்டு பெண்கள் லோக்கல் ரயிலின் லேடீஸ் பெட்டியில் என் முன்னால் நின்றார்கள். அவர்கள் பேச்சிலிருந்து பிறகு புரிந்தது: மூத்தவருக்குத் தாராவியில் தோல் பை பட்டறை. இளையவள் அந்தப் பட்டறை கம்ப்யூட்டருக்கு ஆப் எழுதி, ஆப் ஸ்டோரில் போட்டிருக்கிறாள். குர்லா தாண்டியதும் மூத்தவர் கேட்டதில் நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"ஏ பிள்ள, தோல் இருப்பு பாக்குத ஆப்புக்கு மைக் எதுக்கு?"

"மைக்கா? யாரு சொன்னா, அக்கா?"

"ஸ்டோர்லயே போட்டிருக்கு, இந்த ஆப் உங்க மைக்கைப் பயன்படுத்தும்னு. எம்மவ வாசிச்சுக் காட்டுனா. நான் பட்டறையில பேசுதத யாரு கேக்கணும்?"

"அது சும்மா ஒரு டிக்குதான், அக்கா. மொதல்லேர்ந்து எழுதுனா நாளாகும்னு ஒரு பழைய ஆப்பை காப்பி பண்ணி மாத்துனேன். அதுல மைக் வேணும்னு டிக் இருந்துச்சு, எடுக்க மறந்துட்டேன். நாளைக்கே எடுத்துட்டு அப்டேட் போட்டுருதேன்."

"பழைய ஆப் யாருக்குப் போட்டது?"

இளையவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"உங்க எதிர் பட்டறைக்காரிக்கு. அங்க மைக்ல பேசியேதான் ஆர்டர் ஏத்துதாங்க."

"அவளுக்கும் நீதானா? ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்க கேக்கலியேக்கா."

காட்கோபரில் கூட்டம் முட்டிக்கொண்டு ஏறியது. அந்த நெரிசலைச் சாக்காக வைத்து மூத்தவர் இளையவளின் காதருகே நகர்ந்தார். குரலும் இறங்கிவிட்டது.

"அங்க பேசுதது உனக்குக் கேக்குமா?"