மூணாவது வருஷம் படிக்கும் சங்கிலி

ராயபுரத்தில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால் காலி டின்களோடு இரண்டு பெண்கள். வண்டி வரும்வரை காதைப் பொத்திக்கொண்டா நிற்க முடியும்?

“இன்னா மேரி, கழுத்து மொட்டையாக் கீது? சங்கிலி எங்க?”

“மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்குதுக்கா. மூணாவது வருஷம்.”

“வளையலு?”

“மொத ரெண்டு வருசம் அதான் படிச்சிச்சு. இன்னும் சேட்டுக்கட ஆஸ்டல்லதான் கீது.”

“என் புள்ளயப் பாரு. ஹார்பர்ல பிட்டராப் பூந்து மாசாமாசம் சம்பளம் வாங்கியாறான். எங்க தெரு இன்ஜினீயரு ரெண்டு வருசமா பேப்பர்ல வேல தேடிக்கினு கீறான்.”

“என் புள்ள முடிச்சு வந்தா உன் புள்ளைக்கே ஆபீசர்க்கா.”

“வரட்டும், சலாம் வெக்கச் சொல்றேன். கடைசி வருசம் எது படிக்கப் போவுது?”

மேரி மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள்.

வண்டி வந்தது. வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அக்கா டின்னைக் காலால் தள்ளிவிட்டு, தன் கை வளையலைத் திருகிக் கழற்றினாள்.

“அது சின்னது, பாவம், படிப்பு ஏறாது. இத்த இட்டுக்கினு போ. வூட்ல சும்மா சட்டி கழுவிக்கினுதான் கீது. ஆனா ஒண்ணு, பாஸ் பண்ணிட்டு நேரா வூடு வந்து சேரணும்.”