துணை விமானி சொல்லாமல் விட்டது

ஹலோ... ஹலோ, தாரணி... ஆமா, நான்தான்... கேக்குது, கேக்குது, சொல்லு... என்னாச்சு, ஏன் குரல் இப்படி இருக்கு?

யார் சொன்னா?... எங்கூட வேல பாக்குறானே சுரேந்தர், அவன் சம்சாரமா... என்னன்னு சொல்லுச்சு?... ம்... ம்... "சரத் அண்ணன ஆபீசுல உக்கார வெச்சுட்டாங்க, ஊருக்கு அனுப்பப் போறாங்க"ன்னா... இல்லம்மா. இல்ல, இல்ல. யாரும் என்ன அனுப்பல. முதல்ல மொகத்தக் கழுவிட்டு வா, நான் லைன்லயே இருக்கேன்.

...ஆமா, ஆபீசுல உக்கார வெச்சது நெசம். வெள்ளிக்கிழம... ரெண்டு மணி நேரம். ஆனா அது பாதிக் கததான். மீதி அந்தப் பொண்ணுக்கே தெரியாது... அன்னைக்கே சொல்லிருந்தா நீ ரெண்டு நாள் தூங்கிருக்க மாட்ட, அதான் சொல்லல. இப்ப சொல்றேன். உக்காந்துக்க.

இங்க, தேக்காவுலதான்... ஞாயித்துக்கிழமல்ல, சிங்கப்பூர்ல இருக்குற நம்மாளுங்க பூராவும் இங்கதான், கூட்டம். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்லுல உக்காந்திருக்கேன். கூட ரூம்ல இருக்கானே ஜாஃபர், அவன் பரோட்டா வாங்கப் போயிருக்கான்.

வெள்ளிக்கிழம யார்டுல ஒரு கப்பல், மறுநாள் கெளம்பியாகணும். கடைசி லோடு. இரும்புக் குழாய் ஒரு கட்டு, கிரேன்ல தூக்கி மேல வெக்கணும், இத லிஃப்ட்டும்போம். நான்தான் கீழ சிக்னல்... ஆமா, கைகாட்டுற வேல. குழாயச் சுத்தி ரெண்டு பெல்ட்டப் போட்டுத் தூக்குவோம். அதுல ஒண்ணுல, ஓரத்துல நூல் பிரிஞ்சிருந்துச்சு. ஒரு விரல் அளவுதான்.

என்ன செஞ்சேனா? எப்பவும் செய்யறததான் செஞ்சேன். ரகுபதி அண்ணன்கிட்ட போயி, "அண்ணே, பெல்ட்ட ஒரு தடவ பாத்துக்கலாமாண்ணே"ன்னேன்... அவருதான் எங்க சூப்பர்வைசர். இங்கயே பொறந்தவரு, புக்கிட் பாஞ்சாங்ல வீடு. நல்ல மனுசன், அவசரக்காரரு, இந்த ஊரு வழக்கப்படி எதுக்கும் ஒரு லா போட்டுத்தான் பேசுவாரு. "ஓகே லா சரத், ஒரே ஒரு லிஃப்ட்டு லா, போடு போடு"ன்னு போனப் பாத்துக்கிட்டே போயிட்டாரு... நானும் "சரிண்ணே"ன்னுட்டேன்.

...ஆமா, வாய மூடிட்டேன். ஒம்போது வருசமா அதத்தான செய்யறேன்.

அப்பதான் அந்தப் புத்தகம் ஞாபகம் வந்துச்சு... அதேதான். விமான விபத்துப் புத்தகம். "ஃப்ளைட்டுல ஊருக்கு வரவேண்டிய மனுசன் படிக்கிற புத்தகமா இது"ன்னு திட்டுவியே... சிரி, சிரி. ஜாஃபர் அலமாரிக் காலுக்கு அண்டக் குடுத்து வெச்சிருந்தத உருவி எடுத்துப் படிச்சேன்ல, அது.

அதுல ஒரு எடம் வரும்... கேளு, இது முக்கியம். ஒரு விமானம் மலையில மோதிடுது. உள்ள பதிவான பேச்ச எடுத்துக் கேட்டா, துணை விமானிக்குத் தப்பு நடக்குறது முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஆனா கேப்டன்கிட்ட எப்படிச் சொல்றான்? "சார், உயரத்த ஒரு தடவ பாத்துக்கலாமா சார்"னு... ஆமா. அப்படியே. மரியாதையா சொல்றான். அவரு காதுல விழுது, மனசுல விழல. ரெண்டாவது தடவ சொல்ல இவனுக்குக் கூச்சம். அதுக்குள்ள மலை வந்துருச்சு.

அந்தப் பக்கத்த நாலு தடவ படிச்சேன் தாரணி. படிக்கப் படிக்க எரிச்சலா வந்துச்சு. உசுரு போற நேரத்துலயுமா சார் சார்ங்கிறான்னு. அப்புறம்தான் ஒறச்சுது, நானும் அவனேதான்னு. அதுக்கப்புறம்தான விடாம படிக்க ஆரம்பிச்சேன்... பாலம் ஏன் இடியுது, மனுசனுக்கு ஏன் கோவம் வருது, இருதயம் எப்படி வேல செய்யுது... ஆமா, உன்ன போன்ல அறுத்தேனே, அதெல்லாம்தான்.

இரு, எப்படிப் பேசணும்னும் அதுல போட்டிருக்கு. பேரச் சொல்லிக் கூப்பிடு, கண்ணால பாத்ததச் சொல்லு, என்ன ஆகும்னு சொல்லு, என்ன செய்யணும்னு சொல்லு. குளிக்கிற எடத்துல நின்னு சொல்லிச் சொல்லிப் பாப்பேன். வெளிய ஜாஃபர், "உள்ள யாரோடடா சண்ட"ம்பான்.

ஆமா... வரேன், வரேன், வெள்ளிக்கிழமைக்கே வரேன். கிரேன் தூக்க ஆரம்பிச்சிருச்சு. முழங்கால் உயரம் வந்துருச்சு. ரெண்டு கையையும் விரிச்சு, நிறுத்துன்னு காட்டிட்டேன். கிரேன்காரரு நிறுத்திட்டாரு. "ரகுபதி அண்ணே, பெல்ட்டு கிழிஞ்சிருக்கு, அறுந்தா ஆளு செத்துருவான், எறக்கச் சொல்லுங்க"ன்னு கத்தினேன்... என் குரல்னு எனக்கே தெரியல.

...குழாயக் கீழ எறக்குற வரைக்கும் விரிச்ச கைய மடக்கல.

அவருக்கு மொகம் செவந்துருச்சு. பதினாலு பேரு முன்னாடில்ல. "நீ யாரு லா என் லிஃப்ட்ட நிறுத்த? போ, ஆபீசுல போயி உக்காரு"ன்னுட்டாரு. வேர்த்து நனஞ்ச சட்டையோட ஏசியில போயி உக்காந்தேன்... என்ன நெனச்சேனா? பெட்டியத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னா நீ என்ன சொல்லுவன்னுதான் நெனச்சேன்.

...கைகால் கழுவிட்டுச் சாப்பிட வாங்கன்னு சொல்லுவியா?... அவ்வளவுதானா... இது தெரிஞ்சிருந்தா கொஞ்சம் நிம்மதியா உக்காந்திருப்பேன்.

ரெண்டு மணி நேரம் கழிச்சு ரகுபதி அண்ணன் வந்தாரு. கையில அந்த பெல்ட்டு. எதிர்ல உக்காந்து அத மேசையில வெச்சாரு. சேஃப்டி ஆபீசர் கையால இழுத்துப் பாத்தாராம், வாழநாரு மாதிரி பிரிஞ்சு வந்துருச்சாம்... ஆமா. அந்த லோடு ஆடாம இருக்க, பக்கத்துல கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு நெனைக்கிற?... சுரேந்தர்.

...ம். ...ம். அதத்தான் அவன் வீட்ல சொல்லல. நீயும் சொல்லிடாத, அவனே சொல்லட்டும்.

ரகுபதி அண்ணன் என்ன கேட்டாரு தெரியுமா? "மொதல்ல ஏன் லா அவ்வளவு மெதுவா சொன்ன? அப்பவே கத்திருக்கலாம்ல"ங்கிறாரு... சிரிக்காத, நான் அழுதுட்டேன். அவரும் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. "நீ நிறுத்தலைன்னா இந்நேரம் நான் அவன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்"னாரு. புத்தகத்தப் பத்திச் சொன்னேன், கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு... அலமாரியா? இப்ப ஆடுது. ஜாஃபர் என்னத்தான் திட்டுறான்.

நேத்து பெரிய மேனேஜர் கூப்பிட்டாரு. நாளைக்குக் காலையில, வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, இருநூறு பேருக்கு நான் இத எடுத்துச் சொல்லணுமாம். தமிழ்லயே சொல்லுன்னுட்டாரு... பயமா? கிரேன் கூட பரவால்ல, இதுக்குத்தான் பயம்... ஆமா, இதுக்கும் புத்தகம் தேடினேன். காலையிலயே லைப்ரரிக்குப் போயி, மேடையில பேசறதப் பத்தி ரெண்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்புறம், கான்ட்ராக்ட்ட இன்னும் ரெண்டு வருசம் நீட்டிக்கிறாங்க. புதன்கிழம கையெழுத்து... தாரணி?... ஹலோ?... லைன்ல இருக்கியா?

...வாய் நல்லதுதாங்குது, குரல் அப்படிச் சொல்லலையே... போன தடவையும் இப்படித்தான், "உங்க இஷ்டம்"ன. உனக்குச் சந்தோசம்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன்... இல்ல, மழுப்பாத. உனக்கு என்ன வேணும்னு நேரா சொல்லு.

...

ம்.

...நான் ஊருக்கே வந்துடணுமா... எத்தன நாளா இத மனசுல வெச்சிருக்க?... நாலு வருசமா. ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?... நான் கேக்கலதான். ஒத்துக்கறேன்.

சரி. போடல... ஆமா, புதன்கிழம கையெழுத்துப் போடல. டிசம்பர் வரைக்கும் இருக்கு, அத முடிச்சுட்டு வந்துடறேன். சேஃப்டி கோர்ஸ் ஒண்ணு இருக்கு, ஞாயித்துக்கிழமையில படிக்கலாம், அதுக்குள்ள முடிச்சுடுவேன். தூத்துக்குடிப் பக்கம் வேல கேட்டுப் பாக்கலாம்... கெடைக்கலைன்னா வேற எடத்துல கேப்போம். கேக்கத்தான் இப்ப வாய் வந்துருச்சே.

ரகுபதி அண்ணன்கிட்டயா? நானே சொல்லிக்கறேன். கோவப்படுவாரு, அப்புறம் சரியாயிடுவாரு.

என்ன?... பஸ்ஸு போகுது, சரியா விழல, இன்னொரு தடவ சொல்லு... ஏய், மெதுவா. பக்கத்து வீட்டு உமாமகேஸ்வரி அக்காவுக்குக் கேக்கப் போவுது... கேட்டாக் கேக்கட்டுமா?... சரி. அப்பன்னா இன்னும் சத்தமா சொல்லு.

...ம். ...ம். கேட்டுச்சு. வந்துடறேன். வெக்கிறேன்.