ஐந்தாவது இடம்

விடியற்காலை ஐந்து மணி. விமானத் தளத்துக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி. நடுவில் ஒரே ஒரு ஸ்கூட்டர்... வேறு ஈ காக்கை கிடையாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அதோ, சுவரோரம் வாயைத் திறக்காமல் இருக்கிறானே, அவனுடைய பெரியம்மா மகளுக்கு நடந்தது இது. தளத்தில் எல்லோருக்கும் அவள் டவர் அக்கா. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ரேடியோ அவள் கையில். அவள் 'இறங்கு' என்றால்தான் விமானம் இறங்கும், 'கிளம்பு' என்றால்தான் கிளம்பும்.

அன்று விமானப்படை நாள். அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஏன் எரியாது?

முந்தின வருஷம் இதே நாளுக்கான ஒத்திகையில்தான் அவள் தம்பி செத்தான். ஐந்து விமானங்களின் அணிவகுப்பில் அவன் ஐந்தாவது. "அஞ்சு. எஞ்சின் அதிருதுக்கா... எறங்கட்டுமா?" என்று கேட்டான். ரேடியோவில் அக்கா என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டான் என்றால் எவ்வளவு பயந்திருப்பான்! அவள் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற தளபதி மைக்கைப் பிடுங்கினார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் விறைப்பு. "வரிசையில நில்லு. பெரியவங்க பாக்குறாங்க. நடுவுல ஓட்டை தெரியக் கூடாது" என்றார். நின்றான். ஏரிக்குள் போய் விழுந்தான்.

விசாரணையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? விமானியின் தவறு! அந்தப் பேச்சு பதிவாகவே இல்லையாம். அக்கா நேரில் போய்ச் சொன்னதற்கு, "கூடப் பிறந்தவங்கன்னா அப்படித்தாம்மா சொல்வீங்க" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விமானப்படை நாளில் வாசிக்கப்போகிற, உயிர்நீத்த வீரர்கள் பெயர்களில் அவன் பெயர் இல்லை. கொழுப்பைப் பாருங்கள்!

அதோடு விட்டாரா விறைப்பு? இந்த வருஷம் நான்கு விமானம் பறக்கட்டும், ஐந்தாவது இடம் காலியாக இருக்கட்டும், அதுதான் அஞ்சலி என்றார்.

"போன வருஷம் ஓட்டை தெரியக் கூடாதுன்னான். இந்த வருஷம் அதே ஓட்டையைக் காட்டிக் கைதட்டு வாங்கப் போறான். வெக்கமா இல்ல?" என்று கத்தினாள் அக்கா. அம்மா எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்தச் சாலையின் வளைவில் திடீரென்று நாற்றம்... மண்ணெண்ணெய் போல, விமான எரிபொருள் வாடை. அதோடு ஏரிச் சேறு. வண்டியை நிறுத்தினாள். தலைக்கு மேலே ஒரு எஞ்சின், இருமிக்கொண்டே போனது. அண்ணாந்து பார்த்தாள். வெறும் வானம்.

ஒன்பது மணிக்கு மைதானம் நிரம்பியது. மேடையில் விறைப்பு. கோபுரத்தில் அக்கா. விமானிகள் பேசுவதை ஜனங்களும் கேட்கட்டும் என்று ரேடியோவை ஒலிபெருக்கியில் இணைத்திருந்தார்கள். அதுவும் அவர் யோசனைதான். பறக்கும்போது தலைமை விமானி கூப்பிடுவார், மற்றவர்கள் தங்கள் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். அது வழக்கம். நான்கு விமானங்களும் மைதானத்துக்கு மேலே வந்தன.

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

கொரகொரவென்று ஒரு இரைச்சல்...

"அஞ்சு."

கோபுரத்தில் எல்லோரும் அண்ணாந்து எண்ணிப் பார்த்தார்கள். நான்குதான்.

"அஞ்சு. எஞ்சின் அதிருதுக்கா... எறங்கட்டுமா?"

உடனே இன்னொரு குரல். "வரிசையில நில்லு. பெரியவங்க பாக்குறாங்க. நடுவுல ஓட்டை தெரியக் கூடாது." விறைப்பின் குரல்! மைதானம் முழுக்கக் கேட்டது. ஆனால் அவர் மேடையில் சல்யூட் அடித்தபடி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இந்த முறை மைக்கைப் பிடுங்க யாரும் பக்கத்தில் இல்லை.

"அஞ்சு, எறங்கு. ஓடுபாதை காலியா இருக்கு. எறங்குடா கண்ணா."

கிறீ...ச்!

ஒன்றுமே இல்லாத ஓடுபாதையில் புகை கிளம்பியது. ரப்பர் கருகிய வாடை. கறுப்புச் சக்கரத் தடம் தானாக நீண்டது... நீண்டுகொண்டே வந்தது... திரும்பியது... மேடைக்கு நேர் எதிரே வந்து நின்றது. காற்றே இல்லை. விறைப்பின் தொப்பி கீழே விழுந்தது.

ஒத்துக்கொண்டாரா என்கிறீர்களா? அட, நீங்கள் வேறு! ஒலிபெருக்கிக் கோளாறு என்றார். தடத்தைக் கழுவச் சொன்னார். பதக்கத்தோடு ஓய்வும் பெற்றுவிட்டார். தடம்தான் போகவில்லை. ஒவ்வொரு விமானப்படை நாளன்றும் புதிதாகப் போட்டதுபோல் கறுத்தது.

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "போதும்டி, அனுப்பிடு. புள்ள எத்தனை நாள் அங்கயே நிப்பான்?" என்று அழுதாள்.

"எறங்கச் சொன்னது நான். கெளம்பச் சொல்ல வேண்டியதும் நான்தான்" என்றாள் அக்கா. "நான்தான் அவனை நிக்கச் சொன்னேன்னு அந்தாளு ஊரறியச் சொல்லட்டும். அவன் பேரையும் வாசிக்கட்டும். அதுவரைக்கும் சொல்ல மாட்டேன்."

இன்று வரை அவள் சொல்லவில்லை. அவரும்தான்.

போன வருஷம் அந்த நாளில் ஓடுபாதை சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் விறைப்பு குடியிருக்கிற தெருவில், காலையில் பேப்பர் போட வந்தவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாராம். கார் திரும்பவே இடமில்லாத தெரு அது. முனையிலிருந்து விறைப்பின் வீட்டு கேட் வரைக்கும் கறுப்புத் தடம். கேட் பூட்டித்தான் இருந்தது.

தடம் கேட்டுக்கு உள்ளேயும் இருந்தது.